கொள்ளுப்பொடி மேல் ஒரு ரகசியப் புகார்

ரங்கராஜ் அன்று மத்தியானம் சபதம் எடுத்தார். இந்த வீட்டில் இனி அவரும் கொள்ளுப்பொடியும் சேர்ந்து இருக்க முடியாது.

மணி ஒன்று நாற்பது. தட்டில் ஆறிப்போன சோறு. சிங்காநல்லூர் மில்லில் முப்பத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவருக்கு ஒரு மணிக்குச் சுடச்சுடச் சோறு வேண்டும். மனைவி அம்புஜம் வீட்டிலேயே கொள்ளுப்பொடி அரைத்து விற்க ஆரம்பித்ததிலிருந்து அது போயிற்று. எட்டு மாசம். ஆறின சோறு ஒவ்வொன்றும் தேதியோடு அவருக்கு ஞாபகம் இருந்தது.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் காலை வைத்தார்.

"ஏனுங்க, தொப்பி போடாம உள்ள வரக்கூடாதுங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டமுங்க. ட்ரெயினிங்ல சொன்னாங்கல்ல?"

"எனக்கு மண்டைல முடி இருக்குதா அம்மணி?"

"மீசை இருக்குதுங்களே."

"என் ஊட்டுல நான் தண்ணி குடிக்க வேண்டாமா?"

"குடத்தை வாசல்ல வெச்சுப்போட்டேனுங்க."

அவ்வளவுதான். நேராக பஷீரின் பேக்கரிக்குப் போனார். அங்கே சுவரில் ஒட்டியிருந்தது: 'உணவில் சுகாதாரக் குறைவா? புகார் செய்யுங்கள். ரகசியம் காக்கப்படும்.' ஆபீசர் வந்து ஒரு அதட்டுப் போட்டால் அம்புஜம் பயந்து மிக்ஸியை மூட்டை கட்டுவாள். சோறு தானாகச் சுடும்.

பஷீர் தன் போனில் படிவத்தைத் திறந்தார்.

"நம்பர் கேக்குதுங்ணா."

ரேஷன், கேஸ், பேங்க், எங்கே கேட்டாலும் சொல்லும் நம்பரை ரங்கராஜ் மனப்பாடமாக ஒப்பித்தார். அவருக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

"குறை என்னங்ணா?"

இங்கேதான் இடித்தது. அம்புஜத்தின் அடுப்படியில் ஈ உட்காரக்கூட இடம் கிடையாது. எவ்வளவு யோசித்தும் ஒரே குறைதான் அகப்பட்டது. அதுவும் அவர் கண்ணால் பார்த்தது.

"ஒரு ஆளு கை கழுவாம டப்பாவுக்குள்ள கையை விட்டு, பொடியை அள்ளித் திங்கறான்னு போடு."

நாலாம் நாள் ஆபீசர் வந்தார். பிரத்யுஷா என்று சின்ன வயசுப் பெண். கொள்ளு மூட்டைகள் பலகை மேல் இருந்தன. பொட்டலம் எல்லாவற்றிலும் தேதி. பதிவுச் சான்றிதழ் சுவரில்.

"எல்லாம் சுத்தமா இருக்குதுங்கம்மா. ஆனா புகார் உங்க நம்பர்ல இருந்தே வந்திருக்குதே?"

ரங்கராஜ் சுவரில் இருந்த சான்றிதழைப் படிக்க ஆரம்பித்தார். அம்புஜம் கண் சிமிட்டவில்லை.

"நான்தானுங்க மேடம் போட்டேன். நேராச் சொன்னா அவரு மனசு சங்கடப்படுமுங்க. அதான் ரகசியமா."

"யாருங்க அந்த ஆளு?"

அம்புஜம் மரியாதையாகப் புருஷனைப் பார்த்தாள். ரங்கராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். விரலெல்லாம் பொடி.

"ஐயா, ஒண்ணு நீங்க அடுப்படிக்குள்ளயே போகக்கூடாது. இல்லீன்னா டாக்டர்கிட்ட மருத்துவச் சான்று வாங்கி, டைபாய்டு ஊசி போட்டு, தொப்பி மாட்டிட்டுப் போங்க."

ஜீப் போனதும் ரங்கராஜ் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க பேக்கரில டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மெசேஜ் வந்துருச்சுங்க."

"அப்பறம் ஏன் சண்டைக்கு வரல?"

"எதுக்குங்க? எப்படியும் ஒருதரம் செக்கிங் வருமுன்னாங்க. நீங்களே சீக்கிரம் வரவெச்சுட்டீங்க. மேடம் வாயால சுத்தம்னு சொல்லியாச்சு. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ரங்கராஜுக்குக் கோபம் வரவில்லை. மில்லில் எத்தனையோ யூனியன் தலைவர்களைப் பார்த்திருக்கிறார். கத்தாமல், கொடி பிடிக்காமல், எதிராளி கையாலேயே கையெழுத்து வாங்கின ஆள் இவள் ஒருத்திதான். மனசுக்குள் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, ஊசிக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரத்திலிருந்து டாண் என்று ஒரு மணிக்குச் சுடச்சுடச் சோறு. தொப்பி போட்டுக்கொண்டு வடிப்பது ரங்கராஜ்.