முந்திப் பூத்த டோன் எவாரிஸ்தோ

பூச்செடி வளர்க்கிறவர்கள் உண்டு. பூப் பறிக்கிறவர்கள் உண்டு. அடுத்த வீட்டுப் பூவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. இவர்களில் யாரோடும் சேராத இன்னொரு இனம் இருக்கிறது. இந்த இனத்துக்குப் பூ முக்கியமில்லை, பூவை முதலில் பார்த்தது யார் என்பதுதான் முக்கியம். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் முதல் மொட்டுக்காரர்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். சிலி நாட்டில் எங்கள் சில்லான் ஊரில் செப்டம்பர் வந்தால்தான் வசந்தம். அதற்கு வெகு முன்பே, மழை கொட்டோகொட்டென்று கொட்டி, விறகடுப்புப் புகை தெருவை மூடி, நாய்கூட வாசலுக்கு வர யோசிக்கிற ஒரு காலைப் பொழுதில், தன் வீட்டு முன்தோட்டத்தில் ஒரு மனிதர் குனிந்து நிற்பார். மூக்கு நுனியில் கண்ணாடி, ஒரு கை முதுகில், பார்வை மண்ணில். பாவம், எதையோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நீங்கள் கிட்டே போனால் தொலைந்தீர்கள்.

"பாத்தீங்களா?" என்பார்.

எதை?

"நல்லாப் பாருங்க."

நன்றாகப் பார்த்தாலும் சேறுதான் தெரியும். அந்தச் சேற்றுக்கு நடுவே அரிசி முனை அளவுக்கு ஏதோ ஒரு பச்சை. "நார்சிசஸ் கிழங்கு முளை விட்டுடுச்சு. நேத்து சாயங்காலமே நான் பாத்துட்டேன்."

இந்த 'நேத்து சாயங்காலமே' இருக்கிறதே, அதில்தான் இனத்தின் உயிரே இருக்கிறது. நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் அதை நேற்று சாயங்காலமே பார்த்திருப்பார். சிங்கோல் குருவி வந்து "அகுஸ்தீன் மாமாவைப் பாத்தீங்களா" என்று கேட்கிற மாதிரியே கத்த ஆரம்பித்துவிட்டதே என்று சொல்லிப் பாருங்கள், அது முதலில் கத்தியதே அவர் வீட்டுக் குழாய்மேல் உட்கார்ந்துதான். கொழுத்த ஆரஞ்சு வண்டு ஒன்று பறந்ததே என்றால், அவரிடம் விடைபெற்றுக்கொண்டுதான் உங்கள் வீட்டுப் பக்கம் வந்தது. அவரை முந்தியே ஆகவேண்டும் என்று, ஊரெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆரோமோ மரத்தைக் கை காட்டினீர்களோ, "ஆரோமோவா? அது வசந்தமில்லீங்க. குளிர்காலம் விடற கொட்டாவி" என்று ஒரே வார்த்தையில் மரத்தை வேரோடு சாய்த்துவிடுவார்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் டோன் எவாரிஸ்தோ. பெரியவர்களை நாங்கள் டோன், டோன்யா என்று மரியாதை போட்டுத்தான் கூப்பிடுவோம். தபால் நிலையத்தில் காலமெல்லாம் கடிதங்கள்மேல் தேதி முத்திரை குத்தியவர், ஓய்வு பெற்றதும் செடிகள்மேல் குத்த ஆரம்பித்தார். அவர் மனைவி டோன்யா மிரேயா சொல்வாள்: "எங்க கல்யாண நாள் என்னைக்குன்னு கேளுங்க, முழிப்பார். போன வருஷம் டூலிப் எப்போ முளைச்சதுன்னு கேளுங்க, நிமிஷத்தோட சொல்லுவார்."

அவர் வீட்டு வாசலில் ஒரு பிளம் மரம். இலைக்கு முன்னால் பூத்துவிடும் ஜாதி. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அதன் மொட்டைக் கிளைகளில் இளஞ்சிவப்புப் பூ வெடிக்கும், டோன் எவாரிஸ்தோ தெருவிலுள்ள ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். எல்லாம் போன வருஷம் வரைக்கும்தான். போன வருஷம், கோடி வீட்டு விதவை டோன்யா எல்சிரா ரொட்டி வாங்கப் போகிற வழியில், தன் வீட்டு மரத்தில் ஒடித்த பூங்கிளை ஒன்றைக் கையில் ஆட்டிக்கொண்டே நின்று, "உங்க மரத்துல இன்னும் ஒண்ணும் வரலையா? பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரே ஒரு 'பாவம்'. அதை அவர் வருஷம் முழுக்க மென்றுகொண்டிருந்தார்.

இதோடு விட்டிருந்தால் இது வெறும் பூச்சண்டை. ஆனால் எதிர்வீட்டில் டோன் லிசாந்த்ரோ இருந்தார்.

எங்கள் நாட்டில் வயதானவர்களுக்கு ஆகஸ்ட் என்றால் பயம். குளிரின் கடைசி உதை அந்த மாதத்தில்தான் விழும், கிழடுகளை அள்ளிக்கொண்டு போகும். ஆகஸ்டைத் தாண்டிவிட்டால் இன்னும் ஒரு வருஷம் உறுதி என்று செப்டம்பர் முதல் தேதி கூடி உட்கார்ந்து ஒயின் குடிப்பார்கள். டோன் லிசாந்த்ரோவுக்கு எண்பத்தெட்டு. ஆகஸ்ட் பிறந்தால் படுக்கையில் விழுந்துவிடுவார், மாதம் முடிகிற வரைக்கும் இறங்க மாட்டார். கழிப்பறைக்குப் போகும்போதுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஆகஸ்டுக்குத் தெரியாமல் சுவரோரமாகப் போய் வருவார். அதில் ஒரு சங்கடம். அவருக்குக் காலண்டரில் நம்பிக்கை கிடையாது.

"காலண்டர் அச்சடிக்கிறவன் சாந்தியாகோவுல உக்காந்திருக்கான். நம்ம ஊர்க் குளிர் அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த மரம் சொல்லட்டும்" என்பார்.

அந்த மரம் என்றால் டோன் எவாரிஸ்தோவின் பிளம் மரம். படுக்கையிலிருந்து பார்த்தால் ஜன்னலில் நேராகத் தெரியும். மரம் பூத்தால் ஆகஸ்ட் போய்விட்டது, எழுந்துவிடலாம். இத்தனை வருஷமும் மரம் நாணயமாகத்தான் நடந்துகொண்டது.

இந்த வருஷம் என்ன ஆயிற்று? ஆகஸ்ட் பிறந்த கையோடு, டோன் எவாரிஸ்தோ மொட்டுக் குச்சிகளை வெட்டி வீட்டுக்குள் கொண்டுபோய், தண்ணீர் வாளியில் நிறுத்தி, விறகடுப்புப் பக்கத்தில் வைத்தார். வாளி போதாமல் சூப் பானை, பானை போதாமல் குளியல் தொட்டி. "நான் குளிக்கறதை விட்டே நாளாச்சு" என்று பிற்பாடு மிரேயா சொன்னாள். உள்ளே இருந்த சூட்டுக்குக் குச்சிகள் ஏமாந்து பூத்தன. மனிதர் விடியுமுன் ஏணி வைத்து ஏறி, பச்சை நூலால் அவற்றை மரத்தில் கட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் மரத்தடியைக் கூட்ட ஆரம்பித்தார். இலையே இல்லாத மரத்தின் அடியை!

ரொட்டிப் பையோடு வந்த டோன்யா எல்சிரா நின்றாள். நிமிர்ந்தாள். வாயை மூட மறந்தாள்.

"இது... எப்போ?"

"எதைக் கேக்கறீங்க? ஓ, அதுவா? முந்தாநேத்தே வந்துடுச்சு. போய் யார்கிட்ட சொல்றதுன்னு விட்டுட்டேன். உங்க வீட்டுல இன்னும் இல்லையா?" கொஞ்சம் நிறுத்தினார். "பாவம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை குச்சியும், இத்தனை நூலும்!

அன்று மத்தியானம் வேலை முடிந்து வந்த டோன் லிசாந்த்ரோவின் மகள் நோர்மா, தன் அப்பாவின் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்தாள். ஆகஸ்ட் மாதத்தில், எண்பத்தெட்டு வயது மனிதரின் படுக்கை காலியாக இருந்தால் ஒரு மகள் என்ன நினைப்பாள்? அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள். அப்பா எதிரே வந்துகொண்டிருந்தார். முகம் மழித்து, தொப்பி வைத்து, கழுத்துத் துணிகூட இல்லாமல், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு. சவப்பெட்டிக் கடை வரைக்கும் நடந்துபோய்த் தொப்பியைத் தூக்கி, "இந்த வருஷமும் உங்க பெட்டி எனக்கு வேண்டாம், தோள்பட்டைகிட்ட இறுக்கும்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நோர்மா நேரே டோன் எவாரிஸ்தோ வீட்டுக்கு வந்தாள். "டோன் எவாரிஸ்தோ, உங்க மரம் அவசரப்பட்டுடுச்சு. ஆகஸ்ட் இன்னும் முடியலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா கேப்பார். நான் சொன்னா காலண்டர்க்காரன் மகளேன்னு திட்டறார். இந்தக் குளிர்ல இப்படி சுத்தினா அவருக்கு என்ன ஆகும்?"

சொல்லியிருக்கலாம். குச்சியை அவிழ்த்து நூலைக் காட்டியிருக்கலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் டோன்யா எல்சிரா, செருப்பில் ஒட்டாத சேற்றைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாளே!

"மரம் பொய் சொல்லாதும்மா" என்றார் டோன் எவாரிஸ்தோ. கொஞ்சம் எச்சில் விழுங்கிக்கொண்டுதான் சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டோன் லிசாந்த்ரோ விருந்து வைத்தார். ஆகஸ்டைத் தாண்டிய விருந்து, ஆகஸ்டிலேயே. வாசலில் நீள மேஜை, கறி அடைத்த எம்பனாதா, ஊர்ப் பேர் சொல்லும் லோங்கானிசா தொத்திறைச்சி, மண் ஜாடியில் ஒயின். தெருவே வந்திருந்தது. தேதி எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் வாய் வரவில்லை.

கிழவர் எழுந்தார். "ஆகஸ்ட் ஒழிஞ்சது! இன்னும் ஒரு வருஷம் இந்த மூஞ்சியப் பாத்துத்தான் ஆகணும் நீங்க!"

நாங்கள் கோப்பையை ஒரு கையால் தூக்கி, கெட்டது அண்டாமலிருக்க மறு கையை மேஜைக்கு அடியில் விட்டு மரத்தைத் தொட்டுக்கொண்டோம். மேஜை பிளாஸ்டிக் என்பது தொட்ட பிறகுதான் தெரிந்தது. நோர்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

அதோடு உட்கார்ந்திருக்கக்கூடாதா கிழவர்? "சட்டையில பூ இல்லாம என்ன கொண்டாட்டம்?" என்று தெருவைக் கடந்து பிளம் மரத்தடிக்குப் போனார்.

"பறிக்காதீங்க!" டோன் எவாரிஸ்தோ கையில் எம்பனாதாவோடு ஓடினார். "மரத்துக்கு வலிக்கும்!"

"ஒரு பூவுக்கா?" என்று கிழவர் இழுத்தார். கிளை முழுசாகக் கையோடு வந்தது. அதன் பின்னால் பச்சை நூல் வந்தது. நூலின் பின்னால் அடுத்த கிளை வந்தது. பிறகு அதற்கடுத்தது.

தெருவே மேஜையை விட்டு எழுந்தது.

"நோர்மா, இன்னைக்கு என்ன தேதி?"

"ஆகஸ்ட் இருபதுப்பா."

கிழவர் கிளையைக் கீழே வைத்தார். பணப்பை இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல நெஞ்சைத் தடவிப் பார்த்தார். "நான் இருக்கேனே! ஆகஸ்டுல வெளிய வந்தேன், சவப்பெட்டிக்காரன் மூஞ்சிக்கு நேராச் சிரிச்சேன், இன்னும் இருக்கேனே! அப்போ இத்தனை வருஷமா நான் எதுக்குப் படுத்துக் கிடந்தேன்?"

கிழவர் பார்வை மெல்ல டோன் எவாரிஸ்தோ பக்கம் திரும்பியது.

"ஆனா எவாரிஸ்தோ, ஒண்ணு யோசி. ஆகஸ்ட் என்னைத் தேடி என் படுக்கைக்குத்தான் வரும். காலியா இருந்தா தெருவுல இறங்கித் தேடும். என் படுக்கையில ஒரு கிழவன் படுத்திருக்கணும்."

"அதுக்கு..."

"நீதானே என்னை எழுப்பிவிட்டே?"

"எனக்கு எழுபதுதானே ஆச்சு!" என்று கத்தினார் டோன் எவாரிஸ்தோ.

"ஆகஸ்டுக்கு அது போதும்" என்றாள் டோன்யா எல்சிரா.

டோன் எவாரிஸ்தோ நோர்மாவைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்கப்பாவுக்கு எதாவது ஆகியிருந்தா?" என்று மட்டும் கேட்டாள். மிரேயாவோ யாரும் கேட்குமுன்பே இரவு உடுப்பையும் வெந்நீர்ப் பையையும் கொண்டுவந்துவிட்டாள். "போங்க கிழவரே. நான் ஆற அமரக் குளிக்கறேன்."

ஆகஸ்ட் பயமெல்லாம் மூடநம்பிக்கை என்று வருஷா வருஷம் சத்தமாகச் சொல்கிறவர் டோன் எவாரிஸ்தோ. அதே ஆள், அந்த மாதத்தில் மட்டும் கல்லறைத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவார். இப்போது டோன் லிசாந்த்ரோவின் படுக்கையில் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் ஆகஸ்ட் வந்துவிட்டதென்று நடுங்கினார். நோர்மா சூப் கொடுத்தாள், வெளியே விடவில்லை. சிரிக்கலாம். ஆனால் அவர் பயம் நிஜம், அவர் பண்ணிய காரியமும் நிஜம்.

மாதம் முடிய இன்னும் சில நாள்தான். ஒரு காலையில் கண் விழித்து ஜன்னலைப் பார்த்தார். எதிரே, அவருடைய மரத்தில், தாழ்ந்த கிளையில் ஒரு பூ. நூல் இல்லாத பூ. தெருவில் ஈ காக்கை இல்லை. அவர் ஆயுளிலேயே முதல்முறையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், வேறு எவரும் பார்க்குமுன் அவர் பார்த்துவிட்டார்!

ஜன்னலைத் திறக்கப் போனார். மழை ஈரத்தில் ஊதிப்போன சட்டம் அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினார், கை காட்டினார், வாயைத் திறந்து திறந்து மூடினார். ரொட்டிப் பையோடு போன டோன்யா எல்சிரா நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள். "இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கங்க!"

அப்போது டோன் லிசாந்த்ரோ வெளியே வந்தார். ஆகஸ்டில் உலாவுவது இப்போது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மரத்தடியில் நின்றார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"டோன்யா எல்சிரா! பாத்தீங்களா?"

அவள் வந்தாள். முதல் காரியமாகப் பூவை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. "நிஜப் பூ! எப்போ வந்தது?"

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் டோன் எவாரிஸ்தோ இரண்டு கையாலும் தன் நெஞ்சையே தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலமே நான் பாத்துட்டேன்" என்றார் டோன் லிசாந்த்ரோ.

ஆகஸ்ட் எவரையும் கொண்டுபோகாமல் போய்ச் சேர்ந்தது. இனம் மட்டும் எங்கள் தெருவில் ஒன்றுக்கு இரண்டாகப் பெருகிவிட்டது.

நல்லவேளை நாம் அப்படியில்லை என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? ஒரே ஒரு கேள்வி. சூப் பானையில் குச்சி வைத்த இடத்திலேயே நூலும் கிளையும் கையோடு வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, நான் சொல்லுமுன்பே தெரிந்துவிட்டது, அதை இப்போது பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்கள், அப்படித்தானே? கொஞ்சம் பொறுங்கள். டோன் லிசாந்த்ரோவின் படுக்கை வருகிற ஆகஸ்டுக்குக் காலியாகத்தான் இருக்கிறது.