கணத்தாக்கும் துபாய்ப் பெட்டியும்

பாடம் புரியாமல் அவமானப்பட்டவர்கள் நிறையப் பேர். நான் பாடம் நன்றாகப் புரிந்துபோய் அவமானப்பட்டவன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா துபாயில். மறுநாள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாத்தாவோ, "பொண்ணைப் பெத்தவர் வாயால சம்மதம் கேக்காம தட்டு மாத்த மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அப்பா தன் சம்மதத்தை கேசட்டில் பேசி, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு புது டூ-இன்-ஒன்னுக்குள்ளேயே போட்டு, பெட்டி கட்டி, கூட வேலைபார்த்த கூத்தாநல்லூர் பாயிடம் கொடுத்தனுப்பினார்.

பாய் வந்த அன்று காலைதான் பள்ளியில் இயற்பியலில் கணத்தாக்கு நடத்தினார்கள். வேகமாக வரும் பொருளை வெடுக்கென்று நிறுத்தினால் விசை அதிகம். நேரத்தை நீட்டி மெல்ல நிறுத்தினால் விசை குறைவு. கிரிக்கெட்டில் பந்தோடு கையையும் பின்னால் இழுக்கிறார்களே, அதேதான். வகுப்பில் எனக்கு மட்டும்தான் புரிந்தது என்ற பூரிப்பில், சாயங்காலம் பெட்டியை வாங்க பஸ் நிறுத்தத்துக்குப் பறந்தேன். (பூரிப்பு வந்தால் மூளை லீவு எடுத்துக்கொள்ளும்.)

பாய் பஸ் கூரையில் பெட்டியோடு நின்றார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"தம்பி, கொஞ்சம் இருங்க. கயித்துல கட்டி இறக்கிடறேன். அப்பா கேசட்டு உள்ள இருக்கு."

"வேணாம் பாய், போடுங்க. நான் ஃபர்ஸ்ட் குரூப்பு."

"அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி?"

"நேரத்தை நீட்டிப் பிடிப்பேன் பாய்."

போட்டார். பிடித்தேன். கச்சிதமாகப் பிடித்தேன். கையைப் பின்னால் இழுத்தேன், போதவில்லை. நேரத்தை நீட்ட ஓர் அடி பின்வைத்தேன். இன்னோர் அடி. இன்னும் ஒன்று. பின்னால் நாற்றங்கால் இருக்கிறது என்று எந்தச் சூத்திரத்திலும் போடவில்லை. வரப்பு தடுக்கி, பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி சேற்றில் மல்லாந்தேன். பெட்டிக்கு அடியே படவில்லை. என் தலைக்கு மேலாக உருண்டு சேற்றுத் தண்ணீரில் முழுகிப்போனது, அவ்வளவுதான்.

அம்மா டூ-இன்-ஒன்னைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை வடித்தார். அக்கா கேசட்டைக் கழற்றி நாடாவைக் கொடியில் காயப்போட்டாள். நான் வேளாங்கண்ணிக்கு ஓடிப்போய் மெழுகுவத்தி விற்றுப் பிழைக்கும் திட்டத்தில் இருந்தேன்.

மறுநாள், பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் அப்பா கிணற்றுக்குள்ளிருந்து வாய் கொப்பளித்தார். மாப்பிள்ளையின் தாத்தா இல்லையென்று தலையாட்டினார்.

"இது யார் குரல்னே தெரியலையே."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நாடா தெளிந்தது:

"பெட்டிய மட்டும் நம்ம பய கையில குடுத்துடாதீங்க. போட்டு ஒடைப்பான். மத்தபடி கல்யாணத்துக்கு எனக்குப் பூரண சம்மதம்."

தாத்தா என் காதோரத்தில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.

"பெத்தவருதான் பேசறாரு. தட்டை எடுங்க."

பல வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையை ஏந்திவந்த அக்காவிடம் கை நீட்டினேன். தரவில்லை. அத்தானைக் கூப்பிட்டாள்.

"இவன் பின்னாடி போய் நில்லுங்க."

இன்றும் எங்கள் வீட்டில் எனக்குக் காபி கொடுத்தால்கூட, யாராவது ஒருவர் சிரிக்காமல் எழுந்துவந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.