கோதண்டராமனின் உப்புக் கணக்கு

"இன்னும் ஐஸ் வேணும் வேதா."

"ஃப்ரீசர் காலிங்க. மாவு மட்டும்தான் இருக்கு."

வேங்கிக்கால் வீட்டுச் சமையலறை காலையிலிருந்து ஆய்வகமாகிவிட்டது. மறுநாள் பழைய மாணவர் சந்திப்பு. நாற்பது வருஷத்துக்கு முன் எம்.எஸ்ஸி. வகுப்பில் தனக்கு மட்டும் சரியாக வந்த கணக்கை மேடையிலேயே செய்து காட்டுவதாக வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார் கோதண்டராமன்.

துளி உப்பு தண்ணீரில் கரைந்தால் மின்சுமையுள்ள அயனிகளாகப் பிரியும். ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் போட்ட உப்பு முழுசாக வேலை செய்யாது. எவ்வளவு குறைகிறது என்பதைக் கரைசல் உறையும் வெப்பநிலையை வைத்துக் கணக்கிடலாம். அன்று டீ குடித்துவிட்டு வந்து அளந்தார். விடை புத்தகத்தோடு அப்படியே ஒட்டியது. பேராசிரியர் முதுகில் தட்டினார். பக்கத்து மேசையில் வேதா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தான், இன்னும் எழவில்லை. பிறகு கலெக்டர் ஆபீஸ் ஃபைல்களிலேயே காலம் ஓடிவிட்டது. அந்த ஒரு நாளின் கதையை இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

பழைய வழக்கப்படியே ஒவ்வொரு தடவையும் உப்பை எடை போட்டு, உபரியாக அதே எடையில் இன்னொரு பொட்டலமும் கட்டி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். ஆனால் உப்பு போட்டதைவிட ஜாஸ்தி வேலை செய்வதாக விடை வந்தது. உலகத்தில் நடக்காத காரியம்!

தண்ணீர் சரியில்லை என்று இன்வர்ட்டருக்கு வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரைக் காலி செய்தார். ஐஸ் சரியில்லை என்று கிரிவலப் பாதை ஜூஸ் கடையிலிருந்து ஒரு மூட்டை வாங்கி வந்தார். அதற்கு இடம் பண்ண மாவை வெளியே எடுத்து வைத்தார். மத்தியானத்துக்குள் மாவு பொங்கித் தரையெல்லாம் ஓடியது. விடை மட்டும் நகரவில்லை. தெர்மாமீட்டரைத் தட்டிப் பார்த்ததில் அதுவும் கீறல் விட்டது.

கோதண்டராமன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு வரலைன்னு சொல்லிடறேன் வேதா. அன்னைக்கு இருந்த கை இப்ப இல்ல."

மாவைத் துடைத்துக்கொண்டிருந்த வேதா, மேசையில் கிடந்த காகிதங்களை எடுத்துப் பார்த்தாள். உப்புப் பொட்டலம் இரண்டுமே காலி. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அதே கைதாங்க. அன்னைக்கும் பதட்டத்துல ரெண்டு பொட்டலத்தையும் கொட்டிட்டு டீக்குப் போனீங்க, நான்தான் பாதியைக் கீழ ஊத்திட்டுத் தண்ணி கலந்து வெச்சேன். நாளைக்கும் நடுவுல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."