சீல் வைத்த பூ

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலைக்கூடக் காக்க வைத்துவிடலாம். சீல் அண்ணாச்சியின் பூவை மிதித்துவிட்டு ஒருவன் நிம்மதியாகச் சோறு தின்றதாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் கண்டெய்னர் யார்டில் அவருக்குச் சீல் போடும் வேலை. கண்டெய்னர் கதவைச் சாத்தி, இரும்பு சீலை மாட்டி ஒரே அழுத்து. "இனி எமனே வந்தாலும் வெட்டித்தான் திறக்கணும்" என்பார். யார்டுக்குப் பின்னால் உப்பளமும் சிமெண்டும் தின்றது போக மிஞ்சிய ஒரு துண்டுப் புல்தரை. மழை விட்டதும் அதில் விஷ்ணுகிராந்தி பூக்கும். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலம். வானம் குனிந்து தரையில் மூச்சு விட்டுப் போனது மாதிரி. உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடும். அதனால் காலை டீயை அண்ணாச்சி அங்கே நின்றுதான் குடிப்பார்.

லாரி அந்தப் பக்கம் பின்வாங்கினால் பின்சக்கரத்துக்கு நேரே மல்லாந்துவிடுவார். "ஏலே, எங்க வாரே? என் மேல ஏத்திட்டுப் போ!"

சாயர்புரத்திலிருந்து ஒரு தாவரவியல் வாத்தியாரைக் கூட்டிவந்தார்.

"அழியப்போற செடின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வெறும் களைங்கிற எங்க மேனேஜர் வாயை அடைக்கணும்."

"அழியலையே அண்ணாச்சி. இது நாடு முழுக்க இருக்கு."

"நாட்டுல இருந்தா? இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எங்க இருக்கு, காட்டுங்க!"

வாத்தியார் சுற்றிலும் பார்த்தார். சிமெண்ட், பெட்டி, லாரி. கையிலிருந்த டீயைக் குடித்தார்.

லாரிகள் பயந்துவிட்டன. பயப்படாதவை, அங்கே மேய வரும் பக்கத்துத் தெருப் பேச்சியம்மாவின் ஆடுகள். உடைந்த பலகைகளை அடித்து வேலி கட்டினார் அண்ணாச்சி. வேலி வாசலின் படலுக்குக் கண்டெய்னர் சீலையே மாட்டினார். "சீல் போட்ட சரக்கு எங்கயும் போவாது."

அடுத்த மழை விட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களையெல்லாம் அழைத்துப்போனார். உள்ளே இடுப்பளவு புல். நீலம் பொட்டளவும் இல்லை.

சீலைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். "ஏலே, சீல் உடையலை... சரக்கைக் காணோம்!"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினோம்.

மறுபடி வந்த வாத்தியார் வேலி இடுக்கில் கைவிட்டுப் புல்லை விலக்கினார். அடியில் வெளிறிய தண்டு ஒன்றிரண்டு. "இது தரையோட கிடக்கிற செடி. வெயில் வேணும். ஆடு புல்லைக் கடிச்சுக் கட்டையா வச்சிருந்துச்சு. அதத்தான் விரட்டிட்டீங்க."

மறுநாள் காலை பேச்சியம்மா வாசலில், அகத்திக்கீரைக் கட்டோடு அண்ணாச்சி.

"தாயி, ஆட்ட அனுப்பு."

"ஏன், என் கிடாவக் களவாணின்னு சொன்னியளே?"

"தப்புதான். நாந்தான் ஆடு."

"இத எங்கிட்டச் சொல்லி என்ன? அதுகிட்டச் சொல்லுங்க."

கிடாவின் வாயில் கீரையை ஊட்டிக்கொண்டே சொன்னார். சீலை அவரே வெட்டினார். ஆடுகள் மேய்ந்தன. அதற்கடுத்த மழைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம் கண் திறந்தது. அன்று டீ ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்று இப்போது நாசரேத்தில் இருக்கிறார். மழை விட்டால் போன் வரும். நல்லா இருக்கியா என்றெல்லாம் கேட்கமாட்டார்.

"ஆடு வந்துச்சா?"

இந்த வருடம் பேச்சியம்மாவுக்கு முழங்கால் வலி; ஆடு வரவில்லை. "வந்துச்சு அண்ணாச்சி" என்று போனை வைத்துவிட்டு, அகத்திக்கீரை வாங்கப் புறப்பட்டேன்.