கூப்பனைப் போட்டுப் பார்த்துக் கொடுப்பவர்

நம்பிக்கைத் துரோகிகளைப் பற்றி உலகத்தில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நம்பிக்கையே இல்லாத நல்லவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம். அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம். இந்த இனத்துக்கு ‘எதுக்கும் ஆசாமி’ என்று பெயர். காரணம், எந்தக் காரியத்தை முடித்தாலும் இவர்கள் வாயிலிருந்து வருகிற அடுத்த வாக்கியம் இதுதான்: “எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்.”

கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதை எல்லோரும் செய்கிறோம். இவர் தொங்கிப் பார்ப்பார். கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டிய பிறகு, உள்ளே கடிதம் இருக்கிறதா என்று கிழித்துப் பார்ப்பார். குளிர்பெட்டியை மூடினால் உள்விளக்கு அணைகிறதா என்று திறந்து பார்ப்பார், எரியும், மூடுவார், மறுபடி திறப்பார், மறுபடியும் எரியும், இந்த ஆராய்ச்சியிலேயே உள்ளே இருக்கும் பால் திரிந்துபோகும். அலாரம் வைத்தால் அது சரியாக அடிக்கிறதா என்று பார்ப்பதற்காக முன்னாலேயே எழுந்து எதிரில் உட்கார்ந்திருப்பார். அடிக்கும். “பரவாயில்ல, அடிக்குது” என்று திருப்தியாகப் படுத்துத் தூங்கிவிடுவார்.

பாவம், யாருக்கு என்ன கெடுதல் என்கிறீர்களா? இருங்கள், வருகிறேன்.

நம் ஆசாமி ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் முதலாளியம்மா. இன்னொன்றில் இவரும், நிரல் எழுதுகிற ஒரு பெண்ணும். கம்பெனி விற்பது ஒரே ஒரு சரக்கு: தையல்காரர்களுக்கான மென்பொருள். ஆளின் அளவைத் தட்டினால், துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று தாளில் கோடு போட்டுத் தந்துவிடும். ஒரு சட்டைக்குக் கொடுத்த அளவை வைத்து, ஒல்லியிலிருந்து தொந்தி வரைக்கும் எல்லா அளவுக்கும் தனித்தனியாக வரைந்து கொடுக்கும். நல்ல சரக்கு. அதனால்தானோ என்னவோ, யாரும் வாங்கவில்லை. இணையச் சந்தையில் அது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று தேடிக்கொண்டு போனால், தேடுகிறவருக்கே வயசாகிவிடும்.

முதலாளியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். தையல்காரர் சங்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் இலவசக் கூப்பன் கொடுப்பது. அவர்கள் பயன்படுத்தி, பிடித்துப்போய், சந்தையில் நாலு நல்ல வார்த்தை எழுதினால் சரக்கு முன்பக்கத்துக்கு வரும்.

“ரொம்ப சிம்பிள் சார்” என்று இவரிடம் விளக்கினார். “நம்ம கணக்குல போய்க் கேட்டா சந்தைக்காரன் கூப்பன் நம்பர் தருவான். ஒவ்வொரு நம்பரும் ஒரு ஆளுக்கு, ஒரு தடவைக்கு. பில் போடற இடத்துல அந்த நம்பரைப் போட்டா விலை பூஜ்யம் ஆயிடும். நம்பரை வாங்கி சங்கத்துக்கு அனுப்பிடுங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! ஒரு எதுக்கும் ஆசாமியிடம் போய் ‘அவ்வளவுதான்’ என்று சொல்லலாமா?

இதிலே இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தச் சங்கத்தில் இவருடைய தங்கையும் ஒரு உறுப்பினர். ஊரின் அந்தக் கோடியில், வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறாள். அண்ணனுடன் பேசுவதில்லை. ஏன்? அவள் தானே பார்த்துப் பிடித்து வைத்திருந்த ஒரு நல்ல பையனை, இவர் எதுக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டார். அவன் வேலை செய்யும் இடத்தில் விசாரித்தார். முடிவெட்டும் கடையில் விசாரித்தார். அவனுடைய பழைய வாத்தியாரைக் கண்டுபிடித்து, கணக்கில் எப்படி என்று விசாரித்தார். எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே என்று இவருக்குச் சந்தேகம் வந்து, அவனிடமே போய், “உங்களைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டார். பையன் யோசித்தான். யோசித்துக்கொண்டே போனவன் திரும்பி வரவில்லை.

அதிலிருந்து தங்கை இவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அண்ணி மூலமாகத்தான் சொல்வாள், இவர் எதிரில் நின்றுகொண்டிருந்தாலும்.

இப்போது அவளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்திருந்தது. ஒரு ஆஸ்பத்திரி, நர்சுகள் எல்லோருக்கும் சீருடை தைக்க ஆள் தேடியது. மறுநாள் காலையில் எல்லா அளவிலும் மாதிரி கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தது. கையால் ஒவ்வொரு அளவாகப் போட்டு வெட்டினால் ஆகிற காரியமில்லை. சங்கத்திலிருந்து வரப்போகும் கூப்பனைத்தான் நம்பியிருந்தாள். இது நம் ஆசாமிக்கு மனைவி மூலமாகத் தெரியும். அதனால் என்ன ஆயிற்று? கவனம் இரண்டு பங்காயிற்று. அதாவது ஆபத்து இரண்டு பங்காயிற்று.

கூப்பன் எண்கள் வந்தன. முதல் எண்ணைச் சந்தையில் தன் சொந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தார். விலை பூஜ்யம்! முகம் மலர்ந்தது.

“வேலை செய்யுதும்மா!”

“அப்ப அனுப்பிடுங்க சார்” என்றாள் நிரல் எழுதும் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இது ஒண்ணு வேலை செய்யுது. மத்ததெல்லாம் செய்யும்னு யார் கண்டா?”

“எல்லாம் ஒண்ணாத்தானே சார் வந்துச்சு?”

“ஒண்ணா வந்தா? நானும் என் தங்கச்சியும் ஒரே வீட்டுலேருந்துதான் வந்தோம். ரெண்டு பேரும் ஒரே மாதிரியாவா இருக்கோம்?”

அந்தப் பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள்.

அவர் ஒவ்வொன்றாகப் போட்டார். எத்தனை கணினிக்கு வேண்டுமானாலும் ஒருவரே வாங்கிக்கொள்ளலாம் என்று சந்தை தாராளமாக விட்டிருந்தது, தடுப்பார் இல்லை. எண்ணைப் போடுவார், பூஜ்யம் வரும். பூஜ்யம் வந்தால் போதுமா? கடைசியில் காலை வாரிவிட்டால்? ‘வாங்கு’ என்ற பொத்தானையும் அழுத்துவார். ‘நன்றி! இது இனி உங்களுடையது’ என்று வரும். அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார், பேர் சொல்ல ஒரு பிள்ளை பிறந்த மாதிரி. பிறகு அடுத்த எண். தங்கைக்குப் போக வேண்டிய எண்ணை மட்டும் தனியாக எடுத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, விசேஷ அக்கறையோடு அழுத்தினார்.

எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. நிம்மதியாகச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டார்.

டீ ஆறுவதற்குள் போன் அடித்தது. ஒரு தையல்காரர்.

“ஏன் சார், ஏற்கெனவே பயன்படுத்திட்டாங்கன்னு வருதே? யாரோ போட்டுக் கழிச்ச சட்டையையா எனக்குக் குடுக்கறீங்க?”

வைத்தார். அடுத்தது அடித்தது. அதே புகார். அதற்கடுத்தது இவருடைய மனைவி. பட்டன் கட்டித் தருவதற்காக நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தவர்.

“இங்க பாருங்க, உங்க தங்கச்சி...” என்று ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, கூப்பன் செத்துப்போய் வந்திருக்குன்னு.”

“அப்படி இருக்கவே முடியாது!” என்றார் இவர். “நான் என் கையால போட்டுப் பாத்து அனுப்பினேன்!”

“ஸ்பீக்கர்ல இருக்கு, அவளுக்கும் கேக்குது. கத்தாதீங்க.”

“அண்ணி, நாளைக்குக் காலையில நான் என்னத்தக் கொண்டுபோய்க் காட்டறது, இவர் போட்டுப் பாத்ததையான்னு கேளுங்க.”

“நானே காசு குடுத்து ஒண்ணு வாங்கித் தந்துடறேன்னு சொல்லு அவகிட்ட.”

“அண்ணி, அவர் காசு எனக்கு வேணாம். சங்கத்துல எல்லாருக்கும் வர்றது எனக்கும் வந்தா போதும்னு சொல்லுங்க.”

போன் அணைந்தது. நம் ஆசாமிக்கு ரத்தம் கொதித்தது. பெண்ணைப் பார்க்கச் சொன்னார். அவள் பாட்டைக் கழற்றிவிட்டு விற்பனைப் பக்கத்தைத் திறந்தாள்.

“சார், எல்லாக் கூப்பனையும் ஒரே ஆளு போட்டிருக்கான்.”

“யாரவன்?”

“பேர் காட்டாது சார். வெறும் கணக்கு எண்தான். ஆனா பேராசை பிடிச்சவன். ஒண்ணுகூட விடல.”

“திருட்டுப் பயல்!” என்று எழுந்தே விட்டார். “ஏழைத் தையல்காரங்க வயித்துல அடிச்சிருக்கானே! இவனெல்லாம் உருப்படுவானா?” உட்கார்ந்து சந்தைக்குப் புகார் எழுதினார். என்ன எழுத்து! ‘இந்த ஈனப் பிறவியின் கணக்கை உடனே முடக்கி, இனி எந்தக் காலத்திலும் ஒரு பொருளும் வாங்க முடியாதபடி செய்ய வேண்டும்’ என்று முடித்து, பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்து அனுப்பினார்.

சந்தைக்காரர்கள் சாதாரணமாக எந்தப் புகாருக்கும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று எழுதிவிட்டு அதைக் காற்றில் விட்டுவிடுவார்கள். அன்றைக்கென்று பார்த்து மின்னல் வேகத்தில் நடவடிக்கை எடுத்தார்கள். நம் ஆசாமியின் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது: ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.’

“பாத்தியாம்மா!” என்று அலறினார். “என் கணக்கையும் சேத்து முடக்கிட்டான் அந்தத் திருடன்!”

அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி இவரைப் பார்த்தாள்.

“சார்... நீங்க செக் பண்ணினப்ப, பூஜ்யம் வந்ததும் நிறுத்திட்டீங்கதானே?”

“நிறுத்தினா எப்படித் தெரியும்?”

“வாங்கு பட்டனை அழுத்தினீங்களா?”

“ஒண்ணு விடாம அழுத்தினேன்.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ ஒரு டியூபில் காற்று நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மெதுவாக இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

விஷயம் தெரிந்ததும் முதலாளியம்மா முதலில் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. “சார், சங்கத்துல இருக்கிற அத்தனை பேர் கடையும் இப்ப உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு. தைக்கத் தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, “பட்டன் கட்டுவேன்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி தேடினார்.

வழி அந்தப் பெண்ணிடம் இருந்தது. மென்பொருளின் புதுப் பதிப்பு ஒன்றை ஏற்றினால் சந்தைக்காரர்கள் புதுக் கூப்பன் தருவார்கள். ஆனால் எதையாவது மாற்றியிருக்க வேண்டும். எதை மாற்றுவது? அவள் யோசிக்கவே இல்லை. வேலையை முடித்து மூடப்போனால் அந்த மென்பொருள், ‘மூட வேண்டுமா?’ என்று கேட்கும். ஆம் என்றால், ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும். அதற்கும் ஆம் என்றால், ‘எதற்கும் இன்னொரு முறை யோசிக்கவும்’ என்று வரும். மூன்றும் யாருடைய யோசனை என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் மூன்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ‘பயன்படுத்துவோரின் நலன் கருதி’ என்று காரணம் எழுதி ஏற்றினாள்.

மதியம் முழுக்க இவர் சாப்பிடவில்லை. ஒப்புதல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த ஒரு பார்வையால் மட்டும் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அந்தப் பெண் விட்டுவிட்டாள். வெயில் சாய்கிற நேரத்தில் புதுக் கூப்பன்கள் வந்தன.

மற்றவற்றை அவளே அனுப்பிவிட்டாள். கடைசியாக ஒரு எண்ணை மட்டும் இவர் பக்கம் தள்ளினாள். “உங்க தங்கச்சிக்கு நீங்களே அனுப்புங்க சார்.”

வாசகர்களே, மலையிலிருந்து குதிப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். சோதிக்காத ஒரு கூப்பனைக் கையில் வைத்திருக்கும் எதுக்கும் ஆசாமியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இது வேலை செய்யாவிட்டால்? சந்தைக்காரன் ஒரு எழுத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தால்? பூஜ்யம் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் என்ன, அழுத்தவா போகிறோம்? கணக்கு முடங்கிக் கிடப்பது ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணின் கணினியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் அதை அணைத்துவிட்டு, மேலே ஒரு கைக்குட்டையும் போட்டு வைத்திருந்தாள்.

எண்ணை அனுப்பினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் பார்க்காமல் அனுப்பிய முதல் பொருள்.

போன் வந்தது. மனைவியின் எண். ஆனால் குரல் மனைவியுடையது அல்ல.

“அண்ணா.”

இவர் போனைக் காதிலிருந்து எடுத்து, மனைவியின் எண்தானா என்று பார்த்தார்.

“வந்துடுச்சுண்ணா. பேப்பர்ல எல்லா அளவும் தனித்தனியா வருது. வெட்ட ஆரம்பிச்சுட்டேன்.”

“நல்லதும்மா” என்றார். அதற்கு மேல் நாக்கு நுனியில் என்னென்னவோ வந்து வரிசையில் நின்றது. தோள் அளவு ஒத்துப்போகிறதா, அச்சுப்பொறியில் மை இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்காரன் நம்பிக்கையானவனா. எல்லாவற்றையும் விழுங்கினார்.

“அப்புறம், எனக்கு இன்னும் கோவம் போகல” என்றாள் தங்கை. “போயிடுச்சா, போயிடுச்சான்னு நாளைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு இருக்காத.”

“கேக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்தார்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்த பிறகும் கேட்கவில்லை. மனைவியை விட்டுக் கேட்கச் சொன்னார்.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லைதான். தெரியும். ஊருக்குப் போன மகள் ‘வந்து சேர்ந்துட்டேன்’ என்று செய்தி அனுப்பிய பிறகு, அவள் கூடப் போன தோழிக்குப் போன் போட்டு, “சும்மாதான் கூப்பிட்டேன், பக்கத்துல அவ இருக்காளா?” என்று கேட்டது வேறு யாரோ. தோழி போனை மகளிடம் கொடுத்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல், “அங்க மழையா?” என்று கேட்டதும் வேறு யாரோதான்.