எலுமிச்சம்பழத்தை உள்பக்கம் வைத்தது நான் அல்ல

கூலாய்,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய மாமா, பெக்கான் நானாஸ் கோயில் தலைவர் திரு. லெட்சுமணன் அவர்களுக்கு,

கூலாயிலிருந்து ஹேமநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், அப்பா, அம்மா மூவரும் சுகம். அங்கு நீங்கள், மாமி, கஸ்தூரி மூவரும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் வேட்டியைப் பற்றித்தான் கவலை. நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால் தாளில் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது, கை வலிக்கிறது, ஆகவே சுற்றி வளைக்கப் போவதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் கோயிலில் நடந்தது விபத்து, அவமரியாதை அல்ல. கஸ்தூரியை எனக்குக் கட்டிக்கொடுப்பது பற்றி அன்று சாயங்காலம் என் அப்பாவும் நீங்களும் பேசுவதாக இருந்தது. காலையிலேயே என் கால் உங்கள் மடிக்கு வந்துவிட்டதால் பேச்சு நின்றுபோனது. "அந்த வண்டியப் பிரிச்சுப் போட்டாத்தான் பேச்சு" என்று சொல்லி அதை உங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் பூட்டி, சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டீர்கள். சரி. நாளை ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பிரிக்கிறேன். ஆனால் எதைப் பிரிக்கச் சொன்னோம் என்று தெரியாமலே நீங்கள் ஒரு தீர்ப்புக் கொடுத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் செனாய் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். என்ன மெஷின் என்று பார்க்காமலே மூடச் சொன்னால் எங்கள் சூப்பர்வைசரிடம்கூடச் சண்டை போடுவேன்.

அது ரிகம்பன்ட் ட்ரைக், மாமா. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, சாய்வு நாற்காலி போல ஒரு சீட், அதில் மல்லாந்து சாய்ந்து காலை முன்னால் நீட்டிப் பெடல் மிதிப்பது. சாதாரண சைக்கிளில் காற்று நெஞ்சில் மோதும், இதில் தலைக்கு மேலே போய்விடும். வேகம் அங்கிருந்துதான் வருகிறது. வாங்கினபோது சீட் ரொம்ப நிமிர்ந்திருந்தது, சமதரையில் இருபத்தைந்துக்கு மேல் போகாது. நான் தாங்கு கம்பியை அறுத்துக் குட்டையாக்கி இன்னும் சாய்த்தேன், முப்பத்தொன்று போனது. ஆனால் தலை பின்னால் தொங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் வேலையிடத்தில் மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தேன், கூரையில் ஒழுக்கு கண்டுபிடித்ததாகப் பாராட்டினார்கள். பிறகு தலைக்கு ஒரு தாங்கி செய்தேன். சீட் வலையை மூன்று தடவை மாற்றித் தைத்தேன், ஏனென்றால் முதல் வலை முதுகில் கட்டம் கட்டமாக அச்சுப் பதித்துவிட்டது, அம்மா அதைப் பார்த்துவிட்டு எந்தக் கோழிக் கூண்டில் படுத்துக் கிடந்தாய் என்று கேட்டார். பெடல் இருக்கும் முன்குழாயை ஓட்டுகிறவர் கால் நீளத்துக்கு இழுக்கலாம், சுருக்கலாம். என் அளவு எதுவென்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. அரை சென்டிமீட்டர் கூடினால் இடுப்பு இழுக்கும், குறைந்தால் முட்டி கத்தும். சரியாக அமைந்துவிட்டால், மாமா, அது வண்டியே இல்லை, நீங்கள் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹாலே நகர்ந்து போவது மாதிரி இருக்கும்.

அன்றைக்கு இதைத்தான் உங்களுக்குக் காட்ட வந்தேன். புது வண்டி வாங்கினால் கோயிலில் பூசை போடாமல் ஓட்டக் கூடாது என்று நீங்கள்தான் கஸ்தூரியிடம் சொல்லியனுப்பினீர்கள். விடியற்காலையில் கிளம்பினேன். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே அந்த இறக்கத்தில் நாற்பத்தேழு கிலோமீட்டர் வேகம். நான் கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வண்டி ரொம்பத் தாழ்வாக இருப்பதால் லாரிக்காரர்கள் கண்ணில் பட வேண்டுமென்று பின்னால் நீளக் கம்பியில் மஞ்சள் கொடி கட்டியிருந்தேன். பூசைக்காக அம்மா கொடுத்த மாலை வாடக் கூடாதே என்று அதை என் நெஞ்சின் மேலேயே விரித்துப் போட்டிருந்தேன். இது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மல்லாந்து கிடக்கிற ஒருவன், நெஞ்சில் மாலை, கால் முன்னால், தலைமாட்டில் கொடி. அன்னாசிப்பழம் விற்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "மாசே ஹிடுப் கா?" என்றார், உயிர் இருக்கிறதா என்று. இருக்கு என்று கையைத் தூக்கிக் காட்டினேன். கடைக்குள்ளே போய்விட்டார்.

இனி கோயில். வாசலிலிருந்து மண்டபம் வரை தரை லேசாகச் சரிவு என்பதை முதலில் கவனிக்கவும். மூன்று சக்கரத்துக்கு மூன்று எலுமிச்சம்பழம். முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் தட்டு உள்பக்கம் இருக்கிறது, இடது கைக்கு இடது பிரேக், வலது கைக்கு வலது பிரேக். ஆகவே, "சாமி, பழத்த வெளிப்பக்கமா வைங்க" என்று குருக்களிடம் தெளிவாகச் சொன்னேன். அவர், "முப்பது வருசமா வைக்கிறேன் தம்பி, லோரிக்கே வச்சிருக்கேன், இது என்னா பெரிய வண்டியா லா" என்று உள்பக்கமாகவே வைத்தார். மிதித்தேன். வலது பழம் வழுக்கி ஓடிவிட்டது. இடது பழம் நசுங்கிச் சாறு முழுக்க இடது பிரேக் தட்டில் அடித்தது. சரிவில் வண்டி உருள, இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். இடது வழுக்குகிறது, வலது மட்டும் கவ்வுகிறது. அப்படியானால் வண்டி வலது பக்கம் இழுக்கும், இதில் என் குணத்துக்கோ வளர்ப்புக்கோ சம்பந்தமே இல்லை. வலது பக்கம் செருப்பு வரிசை. அதைத் தாண்டி நாற்காலி. நாற்காலியில் நீங்கள், கையில் மைக்கோடு, அன்னதானத்துக்கு உபயம் கொடுத்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தீர்கள்.

என் இரண்டு காலும் உங்கள் மடியில் ஏறியது உண்மை. ஏன் உடனே எடுக்கவில்லை என்று ஊரே கேட்கிறது. என் சப்பாத்து பெடலோடு கொக்கி போட்டு மாட்டியிருக்கும், குதிகாலை வெளியே திருப்பினால்தான் கழலும். உங்கள் மடியில் திருப்ப இடமில்லை. நான் திருப்பத் திருப்ப நீங்கள் அதை உதைப்பதாக எடுத்துக்கொண்டீர்கள். அதற்குள் முன்குழாய் நுனியில் இருக்கும் பல்சக்கரம் உங்கள் வேட்டியைக் கவ்விவிட்டது. பின்பக்கமாக மிதித்தால் துணி தானாக வெளியே வரும், நான் அதைத்தான் செய்தேன், நீங்கள் எழுந்து ஓடாமல் இருந்திருந்தால் முழுசாக வந்திருக்கும். "டேய், எட்றா கால, சாமி முன்னாடி காலக் காட்ற, என் மடியிலயே வைக்கிற, உனக்கு என் பொண்ணா?" என்று நீங்கள் கேட்டபோது மைக் அணைக்கப்படவில்லை. எதிரே காப்பிக்கடையில் இருந்தவர்கள்கூடத் தட்டை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் களேபரத்தில் மாமி மட்டும் பக்கத்தில் வந்து, "ஏன் தம்பி, இதுல உக்காந்தா முட்டி வலிக்காதா?" என்று கேட்டார். அவர் ஒருவர்தான் அன்று உருப்படியான கேள்வி கேட்டது. வலிக்காது, உடல் பாரம் முட்டியில் இறங்காது என்று விளக்க ஆரம்பித்தேன், நீங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டீர்கள்.

சாமிக்கு நேராகக் காலை நீட்டியதுதான் உங்கள் பெரிய மனக்குறை என்று கஸ்தூரி சொன்னாள். நியாயம். அதற்கும் யோசித்துப் பார்த்தேன். தலை முன்னால் போகிற மாதிரி குப்புறப் படுத்து ஓட்டும் வண்டியும் உலகத்தில் உண்டு. கும்பிட வசதி. மோதினால் வசதி இல்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வண்டி என்றால் எனக்கு உயிர், அதை மறைக்க மாட்டேன், நாற்பத்தேழில் போகிறபோது உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் வண்டி நின்றதும் அந்த வேகத்தை யாரிடம் சொல்லலாம் என்று பார்த்தால் கஸ்தூரி ஒருத்திதான் இருக்கிறாள். "எத்தன போனுச்சு?" என்று முதலில் கேட்பவள் அவள்தான். வண்டி இல்லாமல் இருந்துவிடலாம். அந்தக் கேள்வி இல்லாமல் முடியாது. ஆகவே நாளை முன்குழாய், சீட், சங்கிலி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, உங்கள் கண் முன்னாலேயே மூட்டை கட்டுகிறேன். இது என் உறுதிமொழி. நான் சொன்னால் மாறமாட்டேன்.

பெரியவர்கள் இருவர் காலையும் தொட்டு, இந்த முறை என் கையால், வணங்குகிறேன். ஆசி கூறிப் பேச்சைத் திரும்பத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளும்,

உங்கள் மாப்பிள்ளை ஆகக் காத்திருக்கும்
ஹேமநாதன்.

பி.கு. ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் கொட்டகையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கோயில் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள், கொட்டகை பூட்டாமல் திறந்தே இருந்தது. மேலே உள்ள உறுதிமொழியைத் தயவுசெய்து அடித்துவிடவும். நீங்கள் பூட்டியபோது மீட்டரில் 1,204 கிலோமீட்டர் இருந்தது. இப்போது 1,291. முன்குழாய் என் கோட்டிலிருந்து பதினொரு சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. உங்கள் கால் என் காலைவிட நீளம். கஸ்தூரி என்னைவிட மூன்று சென்டிமீட்டர்தான் குறைவு, அளந்திருக்கிறேன். நான் பாடுபட்டுச் சாய்த்த சீட் நிமிர்த்தப்பட்டிருக்கிறது, தலைத் தாங்கியில் தைல வாசனை, பின்னால் ஒரு பசார் கூடை, கூடையில் பயற்றங்காய். யாரென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமி என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "நாலு கடை நடக்க முடியல தம்பி, இப்ப பசார், கிளினிக், கோயில் எல்லாம் நானே போறேன். அவரு காலையில வேலைக்குப் போனதும் எடுப்பேன்" என்றார். குருக்கள் இரண்டாம் பூசையும் போட்டுவிட்டாராம், பழம் வெளிப்பக்கம். மாமி கோயில் வாசலில் இறங்கி வண்டியைத் திருப்பி நிறுத்துகிறாராம், கால் தெருவைப் பார்க்கும். இவ்வளவு எளிய தீர்வு எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருக்கிறது. பிரிக்க வந்தேன் என்றதும் ஸ்பேனர் பையை வாங்கி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார். "பிரிக்கணும்னா அவரையே வந்து என்கிட்ட கேக்கச் சொல்லு. தை மாசத்துல நாள் பாக்கச் சொல்லி உங்கம்மாகிட்ட பேசிட்டேன்னும் எழுது" என்றார், எழுதிவிட்டேன். சீட்டைக் கொஞ்சம் சாய்த்தால் வேகம் கூடும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் பஸ்ஸில் திரும்புகிறேன். இந்தக் கடிதத்தை மாமியே கூட்டத்துக்குக் கொண்டுவருகிறார். பின்னால் மணி சத்தம் கேட்டால் உடனே ஓரம் போங்கள், மாமா. அவருக்கு இடது பிரேக் இன்னும் பழகவில்லை.