பதினாலாம் எண்

குழியின் அடியில் மண் கிளறும் கரணை 'டிங்' என்றதும் வெர்னன் ஹாகன் குனிந்துகூடப் பார்க்காமல், "பதினாலு! எழுதிக்கோ லூவெல்லா!" என்று கத்திவிட்டார். அவர் செய்த முதல் தப்பு அதுதான்.

மேலே மடக்கு நாற்காலியில் பதிவேடும் கையுமாக உட்கார்ந்திருந்த லூவெல்லாவின் பேனா பாதியில் நின்றது. "பதினாலா? நல்லாப் பாரு. ஏதாவது கல்லா இருக்கப் போகுது."

"முப்பது வருஷம் போஸ்ட்மாஸ்டரா இருந்தவன் நான். கவரைத் தொட்டாலே உள்ளே இருக்கறது கல்யாணமா கருமாதியான்னு சொல்லுவேன். பதினாலுன்னா பதினாலுதான், எழுது!"

லூவெல்லா எழுதினாள். கெல்சோ கோட்டை அருங்காட்சியகத்தில் மையால் எழுதிய எண்ணை அடிக்கக் கூடாது. அது அவளே போட்ட சட்டம்.

வெர்னன் அப்புறம்தான் சேற்றைத் துடைத்துப் பார்த்தார். ஒரு சென்ட் காசு. அதில் வருஷம் 1974.

சட்டென்று அதைக் கைக்குள் பொத்திக்கொண்டார். அவர் தோண்டுவது குதிரைப்படைச் சிப்பாய்களின் கழிப்பறைக் குழி; மூடி நூற்றைம்பது வருஷம் ஆகிறது. பித்தளைக் கொக்கி, கரண்டி, குண்டு என்று பதிமூன்று பழம்பொருள்கள் மேலே கிடைத்திருக்க, அவற்றுக்கும் அடியில் 1974 காசு கிடந்தால் என்ன அர்த்தம்? நடுவில் எவனோ கிளறியிருக்கிறான். சனிக்கிழமை மாநில அரசிலிருந்து நிபுணர் வருகிறார். 'கை படாத இடம்' என்று அவர் கையெழுத்துப் போட்டால் அருங்காட்சியகம் பிழைக்கும். இல்லாவிட்டால் கட்டடம் பனி தள்ளும் வண்டிகளுக்குக் கொட்டகை ஆகிவிடும். அது போனால் காலையில் எழுந்து போக வெர்னனுக்கு வேறு இடம் கிடையாது.

இத்தனைக்கும் இந்தக் குழியைத் திறந்து பத்து நாள்தான் ஆகிறது. மூன்று வருஷம் அக்கம்பக்கம் முழுக்கத் தோண்டி வளைந்த ஆணிகளாகவே பொறுக்கியவருக்கு, இங்கே மண் வெண்ணெயாக இளகிக் கொடுத்தது. "ராணுவ மண்ணு, சொன்னபடி கேக்குது" என்றார் வெர்னன். தினம் ஒன்றிரண்டு பொருள். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் இன்னதென்று சொல்லிவிட்டார். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. ஏழாம் எண்ணை, "குதிரை வைத்தியனோட மருந்துக் கரண்டி" என்று அவர் அறிவித்தபோது லூவெல்லாவுக்கு இருமல் வந்து அடங்கவே நேரமாயிற்று. பாவம், தூசி.

"என்னது அது? காட்டு" என்றாள் லூவெல்லா மேலிருந்து.

காசு சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது. "பொத்தான்."

"என்ன பொத்தான்?"

"அதிகாரி பொத்தான். மேஜர்."

"அதுக்குள்ள மேஜரா! கொடு, பார்க்கலாம்."

"காத்து படக் கூடாது. ஊற வைக்கணும்."

லூவெல்லா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு 'பொத்தான்' என்று எழுதினாள்.

அதோடு விட்டிருக்கலாம். மதியம் காபிக் கடையில், சூடான ஆப்பிள் கேக்கைப் பார்த்ததும் வெர்னனின் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது காபிக்குள் மேஜருக்கு விட்காம் என்று பெயர் வைத்தாயிற்று. மூன்றாவது காபியில் மேஜர் சமையல்காரனோடு சண்டை போட்டு, கோபத்தில் பொத்தானைப் பிய்த்து எறிந்தார். சாயங்காலம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் போன் செய்தான். "வெள்ளிக்கிழமை காலைல மேஜர் விட்காம் பொத்தானைப் படம் எடுக்க வரேன் சார்."

"தாராளமா வாப்பா!" என்றார் வெர்னன்.

போனை வைத்ததும் நேரே அலமாரிக்குப் போனார். வருஷா வருஷம் கோட்டை நாள் அணிவகுப்புக்கு அவர் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டின் கடைசிப் பொத்தானை அறுத்தார். வினிகரிலும் உப்பிலும் ஊறப்போட்டு, அடுப்புச் சாம்பலைத் தேய்த்தார். பித்தளை பச்சை பூத்தது. மேஜரே வந்தாலும் 'என்னுடையதுதான்' என்று சத்தியம் செய்வார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரன் படம் எடுத்துக்கொண்டு போனதும் லூவெல்லா கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாலாம் எண்ணைப் பார்த்தாள். அந்த அணிவகுப்புக் கோட்டைத் தைத்தவளே அவள்தான். பொத்தானைப் பார்த்தாள், வெர்னனைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், பேசாமல் மூடிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள். அவள் வாய் சும்மா மூடியதை அவர் பார்த்ததே இல்லை. அழகில் மயங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினார்.

சனிக்கிழமை நிபுணர் வந்தார். டாக்டர் மார்கிட் லிண்ட். எழுபதைத் தாண்டிய அம்மாள். காலில் பூட்ஸ், கையில் தடி. பதிமூன்று பொருள்களையும் நின்று நின்று பார்த்து, புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினார். பதினாலாவதை எடுத்துத் திருப்பினார்.

"மேஜர் பொத்தானுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் இருக்கே?"

வெர்னன் அசரவில்லை. "விட்காம் காலத்தை மிஞ்சின மனுஷன், டாக்டரம்மா."

"குழிக்கு அடியில கிடைச்சதா?"

"அடியோ அடி."

"அப்ப என் காசு எங்கே?"

வெர்னனின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"எழுபத்துநாலுல, நான் மாணவியா இருந்தப்ப இந்தக் குழியைத் தோண்டினோம்" என்றார் டாக்டர். "தோண்டி முடிச்சு மூடறப்ப, அந்த வருஷத்துக் காசு ஒண்ணை அடியில போட்டுட்டுத்தான் மூடுவோம். பின்னால தோண்ட வர்றவங்க, 'இங்கே ஏற்கெனவே ஆள் வந்து போயாச்சு'ன்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா? எங்க தொழில் வழக்கம் அது."

"எங்கேயும் அறிக்கை இல்லையே, அம்மா?" என்றார் வெர்னன்.

"எழுதிக்கிட்டிருக்கேன்" என்றார் டாக்டர் கொஞ்சம் விறைப்பாக.

வெர்னன் சட்டைப் பையில் கையை விட்டார். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. "மன்னிச்சிடுங்க. இதைக் காட்டினா மியூசியத்தை மூடிட்டுப் பனி வண்டிக்குக் கொடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன். மேஜரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பொத்தான் என் கோட்டுது."

டாக்டர் காசை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஐம்பது வருஷமாச்சு! கேளுங்க வெர்னன், இந்தக் குழியில அன்னைக்கு எடுத்த சாமான் ஆறு பெட்டி என் கார் ஷெட்டில கிடக்கு. பூட்ஸு, புட்டி, சீட்டுக்கட்டு, பல்செட்டுகூட இருக்கு. வீட்டை விட்டு எடுன்னு மகள் தினம் சண்டை. ஒரு நல்ல இடத்துல ஒப்படைக்கத்தான் அலையறேன். இவ்வளவு மோசமாப் பொய் சொல்ற ஆள்கிட்ட கொடுத்தா பத்திரமா இருக்கும். ஆறும் இங்கேதான். அதுக்கு வேண்டிய கையெழுத்தும் போடறேன்."

"அப்ப மூட மாட்டாங்களா?"

"பனி வண்டி பனியிலேயே நிக்கட்டும்!"

வெர்னனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். டாக்டர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை. ஒரு ஆணி விடாம வழிச்சு எடுத்துட்டுத்தான் நாங்க குழியை மூடினோம். உள்ளே விட்டது இந்தக் காசு ஒண்ணைத்தான். அப்ப அதுக்கு மேல இருந்த இந்தப் பதிமூணும் எங்கிருந்து வந்துச்சு?"

வெர்னன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, "தெரியாது" என்றார்.

ஓரத்தில் நின்றிருந்த லூவெல்லா பதிவேட்டை மெதுவாக மூடினாள்.

"பதிமூணு வரைக்கும் எண்ணிப் புதைச்சவ நான்தான், வெர்னன். நீ 'பதினாலு'ன்னு கத்தினப்பதான் எனக்கே ஒண்ணும் புரியலை."